காயாத பூச்சு

பாட்சா இறந்து இத்தனை வாரம் ஆகியும் ஜஹீரா அழவில்லை என்பது சொந்தக்காரர்களுக்குப் பெரிய குறையாகப் போய்விட்டது. துக்கம் கேட்க வந்த பெண்கள் ஒவ்வொருவரும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அழுதுவிடும்மா, மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லித் தாங்கள் அழுதார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னத்தைக் கிள்ளினால் வேறு யாருடைய கன்னத்தையோ கிள்ளுவது போல இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அதைப் போய் யாரிடம் விளக்குவது? விளக்கினால் அதற்கும் ஒரு கஷாயம் சொல்வார்கள்.

இத்தாவில் இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே போகாமல், வெளி ஆண்களோடு பேச்சு வைத்துக்கொள்ளாமல் இருக்கும் காலம் அது. பிள்ளைகள் இல்லை. முடிச்சூரில் கீழ்த்தளத்து வாடகை வீடு. துணைக்குத் தம்பி சுஃபியான் கீழ்க்கட்டளையிலிருந்து வந்து முன்னறையில் படுத்துக்கொண்டான். அவன் ஏசி மெக்கானிக். இத்தா முடிந்ததும் வீட்டைக் காலி செய்து அக்காவைத் தன்னோடு அழைத்துப் போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று ஜஹீராவுக்கு ஞாபகமில்லை. கேட்டபோது அவளும் தலையை ஆட்டியிருப்பாள். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் ஆட்டினாள்.

காலி செய்வதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. பாத்திரம் பண்டம், துணிமணி, பீரோ, பாட்சாவின் மீன்பிடி ராடுகள். எல்லாவற்றையும் சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் போட்டுக் கட்டிவிடலாம், ஒரே ஒரு ராடைத் தவிர. அதைத் துணியில் சுற்றினால் துணி ஒட்டிக்கொள்ளும். பேப்பரில் சுற்றினால் பேப்பர் ஒட்டிக்கொள்ளும். அது இன்னும் காயவில்லை.

பாட்சாவுக்கு வேலை மறைமலை நகரில், ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியின் பெயின்ட் பிரிவில். பைத்தியம் மீன் பிடிப்பதில். லீவு கிடைத்தால் கோவளம், முட்டுக்காடு என்று கிளம்பிவிடுவான். பிடித்து வரும் மீனைவிட அதைப் பற்றிய பேச்சு எப்போதும் பெரிதாக இருக்கும். ராடுகளைக் கடையில் வாங்க மாட்டான், தானே செய்வான். கார்பன் குழாயின்மேல் தூண்டில் நரம்பு ஓடுவதற்கான வளையங்களை வைத்து, நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, அந்தக் கட்டின்மேல் இரண்டு பாட்டில் மருந்தைச் சரிசமமாகக் கலந்து பிரஷ்ஷால் பூசுவான். பூச்சு இறுகினால் நூலின்மேல் கண்ணாடி போட்ட மாதிரி நிற்கும். இறுகும்வரை ராடு மெல்லச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்துவிடும். அதற்காகச் செத்துப்போன மைக்ரோவேவ் ஓவனிலிருந்து தட்டைச் சுற்றும் சின்ன மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தான்.

பூச்சுப் பூசிய நாட்களில் அந்த வீட்டில் ஊரடங்கு. ஃபேன் போடக் கூடாது. பெருக்கக் கூடாது. மிளகாய் வறுக்கக் கூடாது. கிட்டே போய்ப் பார்த்தால்கூட மூச்சுக்காற்று படுகிறது என்பான். தொட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது விரலை நீட்டினால் அவ்வளவுதான், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவனுக்கு.

கடைசியாகச் செய்த ராடு அவனுக்கே அவன் செய்துகொண்டது. பச்சை நூல் கட்டு, ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. பூசியது மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. முடிச்சூரில் மழை பிடித்தால் டப்பாவில் உப்பு கசியும், அப்பளம் கையிலேயே மடங்கும், சுவர் வியர்க்கும். அந்த ஈரத்தில் பூச்சு எப்படிக் காயும்? கலவையிலும் ஏதோ ஒன்று குறைந்திருக்க வேண்டும். தினமும் வேலைக்குப் போகும் முன் அதை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். பூச்சு அவனை மதிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, யூனிஃபார்ம் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, அவனுக்குப் பொறுக்கவில்லை. கைப்பிடிக்கு மேலே இருந்த கட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துத் திரும்பினால், அடுப்படி வாசலில் ஜஹீரா.

"எங்கள மட்டும் கிட்ட வராதன்னு சொல்வீங்க."

"நீ ஒண்ணும் பாக்கல," என்று பளபளக்கும் கட்டைவிரலை அவளிடம் ஆட்டிக் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனான்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட். தூங்குகிறான் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. கம்பெனி வாசலில் இறங்கும்போதுதான் பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தட்டியிருக்கிறார்.

எல்லோரும் வந்து, எல்லாம் முடிந்து, வீடு அடங்கிய பிறகு ஜஹீரா அந்த ராடைப் பார்த்தாள். சுவரில் உயரமான கொக்கியில் கிடந்தது. பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியதோ அதற்குமேல்தான் பாட்சா எதையும் மாட்டுவான். ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினாள். பச்சைக் கட்டின்மேல் அவனுடைய அரைக் கட்டைவிரல் இருந்தது. வளைவு வளைவாக ரேகை. நடுவில் குறுக்கே ஒரு வெட்டு, எப்போதோ தூண்டில் முள் கிழித்த தழும்பு. அதுவும் பதிந்திருந்தது.

போனில் அவனுடைய போட்டோ நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் போட்டோவுக்கென்று நிற்கிறான். இது அப்படி இல்லை. இது அவன் திருட்டுத்தனமாகத் தொட்டது, அவள் மட்டும் பார்த்தது. அவளுக்கு அது வேண்டும். அந்தச் சமயத்தில் அவளுக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே பொருள் அதுதான்.

ஆனால் ஒட்டும் பூச்சு என்ன செய்யும்? வந்ததையெல்லாம் பிடித்துவைத்துக்கொண்டது. ஒரு கொசு, கொஞ்சம் தூசு, அவளுடைய தலைமுடி ஒன்று. ஊசிமுனையால் எடுத்துக்கொண்டே இருந்தாள். ரேகையின் ஓரங்கள் நாளாக நாளாக மழுங்குவது போலத் தெரிந்தது. இத்தா முடியும் காலம் நெருங்கியது. இதை வண்டியில் ஏற்றிக் கீழ்க்கட்டளை போய்ச் சேர்வதற்குள் எதிலாவது உரசி அழிந்துபோகும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

விரல் விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வரிசையாக வந்து பார்ப்பார்கள், பார்த்து அழுவார்கள். ராடு காயவில்லை, காயவைக்க வேண்டும் என்று மட்டும் தம்பியிடம் சொன்னாள். சுஃபியானுக்கு அக்கா ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டாள் என்பதே சந்தோஷமாக இருந்தது. பாட்சாவின் மீன்பிடிக் கூட்டாளி ஜெரோமுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, அடுப்படிப் பக்கமாக நின்றுகொண்டான். அவள் உள்ளே இருந்து கேட்டாள்.

ஜெரோம் சர்வசாதாரணமாகச் சொன்னான். அதுக்கு ஏன் கவலைப்படுறீங்க, சரியா கலந்து மேல இன்னொரு கோட் போட்டுடுங்க, மேல இறுகிட்டா கீழ இருக்கிறது கைக்கு ஒட்டாது. ஜஹீரா வாசலுக்கு வந்து தம்பியிடம் வேண்டாம் என்று கையசைத்தாள். மேலே இன்னொரு பூச்சு என்றால் ரேகையின் பள்ளமெல்லாம் நிரம்பிவிடும். இருந்த மாதிரியே இறுக வழி கேள் என்று கிசுகிசுத்தாள். சுஃபியான் கேட்டான். அப்படின்னா சூடுதான் காட்டணும் அண்ணா, ஒரு பெட்டி அடிச்சு பல்பைப் போட்டு உள்ள வைங்க என்றான் ஜெரோம். இருந்த மாதிரியே என்றால் என்ன அர்த்தம் என்று ஜெரோமும் கேட்கவில்லை, சுஃபியானும் கேட்கவில்லை.

சூடு என்றதும் ஜஹீராவுக்கு நம்பிக்கை வந்தது. கம்பெனியில் பெயின்ட் அடித்த சாமானை அடுப்புக்குள் விட்டு எடுப்பார்கள் என்று பாட்சா ராத்திரிச் சாப்பாட்டின்போது பேசாத நாள் இல்லை. அந்த அடுப்பு அவனுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. உள்ளே போய் வந்தால் கல்லு மாதிரி இறுகிடும் ஜஹீரா, சுத்தியால அடிச்சாலும் போகாது என்பான். அவள் ம் என்பாள். பதினெட்டு வருஷமாக ம் என்றிருக்கிறாள்.

மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா மஹாலட்சுமி நாட்டுக்கோழி வளர்ப்பவள். முட்டை பொரிக்க அவளிடம் தெர்மாகோல் பெட்டியும், சூட்டை ஒரே அளவில் வைக்கும் சின்னக் கருவியும் இருந்தன. பெட்டிக்குள் சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் எரியவிடும் கருவி. ஜஹீரா கேட்டதும் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளே மீன் வண்டிக்காரம்மாவிடம் சொல்லி, ஐஸ் போட்டு மீன் வரும் பெரிய தெர்மாகோல் பெட்டிகள் மூன்றையும் வாங்கி வந்தாள். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. போகாவிட்டால் என்ன, ராடுக்கு அந்த வாடை புதிதா?

அக்காளும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து பெட்டி செய்தார்கள். மூன்று பெட்டிகளின் உள்சுவர்களை வெட்டி எடுத்து, நீளவாக்கில் ஒட்டி ஒன்றாக்கினார்கள். சோறு பார்சல் கட்டும் அலுமினியத் தாளை உள்ளே ஒட்டினார்கள், பல்பின் சூடு தெர்மாகோலில் நேராகப் படாமலிருக்க. ஒரு முனையில் துளை போட்டு வெளியே மோட்டாரை வைத்தார்கள். ராடு இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியது, கைப்பிடி உள்ள துண்டு மட்டும் உள்ளே படுத்தால் போதும். சுஃபியான் முதலில் எல்.இ.டி. பல்பு வாங்கி வந்து மாட்டினான். நாள் முழுக்க எரிந்தும் பெட்டி ஃப்ரிட்ஜ் மாதிரி இருந்தது. ஏசி மெக்கானிக் செய்த வேலை ஆயிற்றே என்று மஹாலட்சுமி சொன்னாள். அப்புறம் மேற்குத் தாம்பரத்தில் கடை கடையாக அலைந்து, பழைய எலெக்ட்ரிகல் கடை ஒன்றில் குண்டு பல்பு பிடித்து வந்தான்.

குண்டு பல்பு எரியும்போது அதை நிமிர்த்தி வைக்கப்போன ஜஹீரா கையை எடுக்கவே இல்லை. மஹாலட்சுமிதான் பதறிப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விரல்நுனிகள் வெளுத்துப் போயிருந்தன.

"இன்னாம்மா நீ, சுடறதுகூடவா தெரியல?"

தெரியவில்லை. ஜஹீரா தன் விரல்களைப் பார்த்தாள். மஹாலட்சுமி அவற்றைக் குழாயடியில் பிடித்துவிட்டு, பற்பசை தடவினாள். ஒரு குச்சிக்காக இம்மாம் பாடு எதுக்கு, இது இன்னா கோழிக்குஞ்சா பொரிக்கப் போவுது என்று திட்டிக்கொண்டே தடவினாள்.

ராடை உள்ளே வைக்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றான் சுஃபியான். நியாயம்தான். பாட்சாவின் பாட்டில்களில் மிச்சமிருந்த மருந்தை வேண்டுமென்றே கொஞ்சம் அரைகுறையாகக் கலந்து, ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகில் தடவி இரண்டு நாள் வெளியே வைத்தாள். ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறகு பெட்டிக்குள் வைத்து, கோழி முட்டைக்கு வைத்திருந்த அளவை ஐம்பத்தைந்து டிகிரிக்கு ஏற்றி, ஒரு பகல் முழுக்கச் சூடு காட்டினாள். எடுத்தபோது நகத்தால் கீறினாலும் இறங்கவில்லை, கல். சுஃபியான் கரண்டியை மேஜைமேல் தட்டிக் காட்டினான். அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது, அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். கரண்டியிலும் ஒரு விரலை வைத்து எடுத்துவிட்டு உள்ளே வைத்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ராடை வைத்தாள். ரேகையில் ஒட்டியிருந்த கடைசித் தூசியை ஊசியால் எடுத்தாள். மோட்டார் இல்லாமலே வைக்கலாம், பழைய பூச்சுதானே, வழியவா போகிறது என்றான் சுஃபியான். அவள் கேட்கவில்லை. அவர் எப்பவும் சுத்தவிட்டுத்தான் வைப்பார் என்றாள். கரண்டிக்கு வைத்த அதே ஐம்பத்தைந்துதானா என்று பார்த்துக்கொண்டாள். மூடியைச் சாத்தி டேப் ஒட்டினாள். மோட்டார் முனகிக்கொண்டே சுற்றியது. கம்பெனியிலிருந்து பாட்சா வரக் காத்திருப்பது போல அன்றைக்கு அவள் இரண்டு தடவை முகம் கழுவினாள்.

நடுவில் திறந்தால் சூடு போய்விடும் என்று திறக்கவில்லை. சாயங்காலம், அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்து, டேப்பைப் பிரித்து மூடியைத் தூக்கினாள். மீன் வாடையோடு ஒரு வெப்பம் முகத்தில் அடித்தது. ராடு சுழன்றுகொண்டிருந்தது. கட்டின் பச்சை இத்தனை ஆழமாக இருந்து அவள் பார்த்ததில்லை. பூச்சு ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு கொப்புளம் இல்லாமல் பளபளத்தது. பல்பின் ஒளி அதன்மேல் நேராக ஒரே கோடாக நின்றது.

விரல் இருக்கிற பக்கம் கீழே இருக்கிறது என்று நினைத்தாள். சுற்றி மேலே வரட்டும் என்று காத்திருந்தாள். ராடு ஒரு சுற்றுச் சுற்றியது. கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று இன்னொரு சுற்றுக்குக் காத்திருந்தாள். தங்கக் கோடு மேலே வந்தது, போனது, வந்தது. ஒளிக்கோடு எந்த இடத்திலும் நெளியவில்லை.

அப்போது பாட்சாவின் குரல் அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுப்பைப் பற்றி அவன் சொன்னது பாதிதான் அவளுக்குள் தங்கியிருந்தது. மீதிப் பாதியையும் அவன் சொல்லியிருக்கிறான், ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. உள்ள போனதும் பெயின்ட்டு முதல்ல இளகும் ஜஹீரா. பிரஷ்ஷு கோடு, தூசி, எவனாவது விரல வச்சிருந்தா அந்தத் தடம், எல்லாத்தையும் அதுவே தடவிச் சமமாக்கிக்கும். அதுக்கப்புறம்தான் இறுகும். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ம் என்றாள்.

சுஃபியான் வேலை முடிந்து வந்தவன் செருப்பைக் கழற்றியபடியே எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"அக்கா, கண்ணாடி மாதிரி வந்திருக்குக்கா. மச்சான் செஞ்சதுலகூட இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல."

ஜஹீரா மோட்டாரை நிறுத்தினாள். ராடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுல அவர் விரல் இருந்துச்சுடா," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். அந்த வியாழக்கிழமை, யூனிஃபார்ம், தோளில் பை, ஒட்டிய கட்டைவிரல், குறுக்கே இருந்த தழும்பு, நீ ஒண்ணும் பாக்கல என்று சொல்லிவிட்டுப் போனது. எல்லாவற்றையும் கடைக்குப் போகச் சாமான் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரிசையாகச் சொன்னாள். சுஃபியான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். மச்சானின் விரலை அழித்த பெட்டிக்குத் தாம்பரம் முழுக்க அலைந்து பல்பு வாங்கியவன் அவன். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவன் வாயில் வந்தது, நல்லவேளை சொல்லவில்லை. ஜெரோமிடம் விரல் விஷயத்தைச் சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் சூடு வேண்டாம் என்றிருப்பான். அது இருவருக்குமே அந்த நேரத்தில் தெரிந்திருந்தது.

அவள் கைப்பிடிக்கு மேலே அந்த இடத்தைத் தேடினாள். தேட வேண்டியதில்லை, ஊசியும் கையுமாக எத்தனை நாள் பார்த்திருக்கிறாள். தன் கட்டைவிரலை அங்கே வைத்து அழுத்தினாள். அவன் அழுத்திய மாதிரியே, கள்ளத்தனமாகக் கொஞ்சம் சாய்த்து. பூச்சு இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்தது. விரலை எடுத்தாள். ஒட்டவில்லை.

"காஞ்சிடுச்சு," என்றாள். யாரிடம் சொன்னாள் என்றால், படியிறங்கிப் போனவனிடம்தான் சொன்னாள்.

பிறகு அழுதாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மாடிக்குக் கேட்கும்படி அழுதாள். மஹாலட்சுமி முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். அக்கா அழ மாட்டாளா என்று மாசக்கணக்காக ஏங்கிய சுஃபியானுக்கு இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பெட்டியின் பல்பை அணைத்தான். ஜஹீரா ராடை விடவில்லை. சூடு அடங்கும்வரை கட்டைவிரலை அங்கேயே வைத்திருந்தாள்.